நீருக்கு ஏது வேலி?

ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்குகிறேன். உங்கள் வீட்டுக் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் எத்தனை அடி? வீடு கட்டும்போது கூட நின்று அளந்தவர்கள் உடனே சொல்லிவிடுவீர்கள். மேசன் காட்டிய இடத்தில் வெட்டவிட்டவர்கள் கொஞ்சம் யோசிப்பீர்கள். அது இருக்கட்டும். அடுத்த கேள்விதான் கடினமானது. உங்கள் கிணற்றுக்கும் பக்கத்து வளவுக்காரரின் குழிக்கும் இடையில் எத்தனை அடி?

இதற்குப் பதில் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. மதிலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்ப்பது அழகல்ல என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். நாம் எட்டிப்பார்க்காவிட்டால் என்ன, நிலத்துக்குக் கீழே தண்ணீர் எல்லா வளவுகளுக்குள்ளும் போய் வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் நாம் சோறு சமைக்கிறோம், குழந்தைக்குப் பால் கரைக்கிறோம், ஐவேளையும் ஒளுச் செய்கிறோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியில் போனால் இருபாலை, கோப்பாய் தாண்டி வருகிற ஊர் நீர்வேலி. செம்மண் பூமி. வாழைக்குப் பேர்போன இடம். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வேடிக்கையான எண்ணம் வரும். காணிக்கு வேலி போடலாம், கதியால் நட்டுக் கிடுகு கட்டலாம், வசதி வந்தால் மதிலே எழுப்பலாம். நீருக்கு யாராவது வேலி போட முடியுமா? ஊருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்ற ஆராய்ச்சியை ஊர்ப் பெரியவர்களிடம் விட்டுவிடுவோம். அந்த ஊரின் மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை மட்டும் பார்ப்போம். யாழ்ப்பாணச் சோனகத் தெருவில் இருக்கும் சகோதரிக்கும் அதே கதைதான்.

மேலே சில அடி செம்மண். அதற்குக் கீழே சுண்ணக்கல். இந்தக் கல் கருங்கல்லைப்போல இறுகிய பாறை அல்ல. மழைநீர் இதை மெல்ல மெல்லக் கரைத்து வெடிப்புகளும் பொந்துகளும் சுரங்கங்களுமாக ஆக்கிவைத்திருக்கிறது. குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழை அந்தப் பொந்துகளுக்குள் இறங்கித் தங்குகிறது. அதுதான் வலிகாமம் முழுவதற்கும் தண்ணீர்த் தொட்டி. யாழ்ப்பாண நகரத்துக்குக் குழாயில் போன தண்ணீரும் கோண்டாவில், திருநெல்வேலி பக்கத்துக் கிணறுகளிலிருந்து இறைக்கப்பட்டதுதான்.

இந்தத் தொட்டிக்கு அடியில் தகடு இல்லை. நல்ல நீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது, அவ்வளவுதான். நல்ல நீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை நல்ல நீர் இருக்கும் என்பது நிலநீர் படித்தவர்களின் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவரும் என்று அதைத் திருப்பியும் படிக்கலாம். நீர்வேலிக்குப் பக்கத்திலே, நவக்கிரியில், நிலாவரைக் கிணறு இருக்கிறதல்லவா? பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். மேலே நல்ல நீர், ஆழத்தில் உப்பு. குடாநாட்டின் வயிற்றை ஒரு ஜன்னல் திறந்து காட்டியதுபோல அந்தக் கிணறு.

வயிறு இப்படி இருக்க, அதற்குள் நாம் என்ன இறக்கிக்கொண்டிருக்கிறோம்?

நிரம்பாத குழி

சோனகத் தெருவில் ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது கைக்குழந்தையுடன் போனவர். புத்தளத்தில் இருபது வருடம். பிறகு திரும்பி வந்து பழைய வளவிலேயே இருக்கிறார். வீட்டின் பின்னால் வெள்ளைப் பளிங்கு ஓடு பதித்த மலசலகூடம், பளபளவென்று இருந்தது. பெருமையோடு சொன்னார்: "இது என்ட மாமா கட்டின குழி, புள்ள. இண்டைக்கு வரைக்கும் ஒருநாளும் நிரம்பினதில்ல."

இடையில் இருபது வருடம் வீடே ஆளில்லாமல் கிடந்ததை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் கணக்கு இடிக்கிறது. ஏழெட்டுப் பேர் புழங்கும் வீட்டுக் குழி வருடக்கணக்காக நிரம்பவில்லை என்றால் அது நல்ல குழி என்று அர்த்தமல்ல. அதற்கு அடி இல்லை என்று அர்த்தம். போட்டதெல்லாம் வெடிப்பு வழியாக எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. எங்கே என்பதற்கு நான் விடை சொல்ல வேண்டியதில்லை, அவர் வீட்டுக் கிணறு குழியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது.

அவரைக் குறைசொல்லி என்ன பயன்? நம் ஊர்களில் இதுதான் வழக்கம். வாளி மலசலகூடங்கள் இருந்த காலத்தில், நகரத்துக் கழிவைத் தலையிலும் வண்டியிலும் சுமந்து அப்புறப்படுத்த ஒரு சமூகத்து மக்களையே பிடித்துவைத்திருந்தோம். அந்த அநியாயம் போனது நல்லதுதான். பதிலுக்கு வந்தது நீர்முத்திரை வளைவு வைத்த கோப்பையும் அடியில் ஒரு குழியும். அந்த வளைவில் எப்போதும் தங்கி நிற்கும் நீர் ஈயையும் நாற்றத்தையும் தடுக்கிறது. நாற்றம் போனதும் அழுக்கே போய்விட்டதாக நாம் நினைத்துக்கொண்டோம்!

குழிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சும்மா வெட்டிக் கல்லோ சீமெந்து வளையமோ இறக்கிய குழி. அடியும் பக்கமும் திறந்தவை. இன்னொன்று, அடியும் சுவரும் சீமெந்தால் அடைத்த மலத்தொட்டி. இதில் திண்மம் அடியில் படியும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும், நடுவிலுள்ள நீர் மட்டும் வெளியேறி ஊறுகுழிக்குப் போகும். தொட்டியில் படிந்ததை மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் தொட்டி இருந்தும் இல்லாததற்குச் சமம். வெளியேறும் நீரும் சுத்தமானதல்ல. கிருமி நிறைய இருக்கும். ஊறுகுழியைச் சுற்றியுள்ள மண்தான் அதை வடிகட்டுகிறது. மண் குறைவாகவும் கல் கூடுதலாகவும் உள்ள இடத்தில் வடிகட்ட ஆளில்லை.

மாரியில் நிலைமை இன்னும் மோசம். கிணற்று நீர் மேலேறுவதைப் பார்த்து நாம் சந்தோஷப்படுகிறோம். அதே நாளில் அதே அளவு நீர் குழியின் அடியிலும் ஏறியிருக்கும். குழி ஒரு பக்கம், கிணறு ஒரு பக்கம், இரண்டும் ஒரே நீரில் நிற்கின்றன. இலங்கையில் நெருப்புக் காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் யாழ்ப்பாணம் நெடுங்காலமாக முன்வரிசையில் நிற்பதை இதோடு சேர்த்து யோசியுங்கள்.

ஐம்பது அடியும் ஒரு பரப்பும்

கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் ஐம்பது அடி வேண்டும் என்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. நல்ல கணக்குத்தான். மண் வழியாக மெல்லக் கசிந்து வரும் நீரில் கிருமிகள் ஐம்பது அடிக்குள் பெரும்பாலும் செத்துவிடும் என்பது அதன் அடிப்படை. ஆனால் சுண்ணக்கல் வெடிப்பில் நீர் கசிவதில்லை, ஓடுகிறது. மண்ணுக்குப் போட்ட கணக்கைக் கல்லுக்கு அப்படியே வைத்தால் சரிவருமா?

சரி, ஐம்பது அடியையாவது காப்பாற்ற முடிகிறதா என்று பாருங்கள். யாழ்ப்பாணத்தில் காணியைப் பரப்பில்தான் பேசுவோம். ஒரு பரப்பு என்றால் பத்துப் பேர்ச், அதாவது 2,722 சதுர அடி. சதுரமான காணி என்றால் ஒரு பக்கம் 52 அடி. ஆக, ஒரு பரப்புக் காணிக்காரர் ஐம்பது அடி விதியைக் காப்பாற்ற வேண்டுமானால் கிணற்றை ஒரு வேலியோரத்திலும் குழியை எதிர் வேலியோரத்திலும்தான் வைக்க வேண்டும். அவர் வைத்துவிட்டார், விதி நிறைவேறிவிட்டது. இப்போது அந்தக் குழிக்கு இரண்டு முழம் தள்ளி, வேலிக்கு அப்பால், பக்கத்து வீட்டுக்காரர் கிணறு வெட்டியிருக்கிறார். அவரும் தன் குழியிலிருந்து ஐம்பது அடி அளந்துதான் வெட்டினார்! இருவரும் சட்டத்தைக் காப்பாற்றியதாக நினைக்கிறார்கள். ஒருவர் குழியின் நீரை மற்றவர் குடிக்கிறார்.

நீர்வேலியில் வளவுகள் பெரிது, கொஞ்சம் தப்பிக்கலாம். சோனகத் தெருவிலோ, பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரித்துப் பிரித்து அரைப் பரப்புக்கும் கீழே போன வளவுகளில் எங்கே போய் ஐம்பது அடி தேடுவது? திரும்பி வந்த குடும்பங்கள் இடிந்த வீட்டை எழுப்பி, குப்பையும் கல்லும் நிறைந்து கிடந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, இருந்த இடத்தில் ஒரு குழியை வெட்டிக் குடியேறியவை. அவர்களிடம் போய் அளவு நாடாவை நீட்டுவது கொடுமை.

ஆகவேதான் சொல்கிறேன், ஒரு வீட்டுக்கு மட்டும் விதி வைத்துப் பயனில்லை. தெருவுக்கு வைக்க வேண்டும். ஒரு தெருவில் உள்ள எல்லா வீட்டாரும் கிணறு பின்வேலிப் பக்கம், தொட்டி வீதிப் பக்கம் என்று ஒரே சொல்லில் நின்றால், அதே ஒரு பரப்புக் காணிகளில் யாருடைய குழியும் யாருடைய கிணற்றுக்கும் பக்கத்தில் வராது. பின்வளவுக்காரரின் கிணறும் அந்தப் பின்வேலியிலேயே வரும். வீதிக்கு எதிரே எதிர்வீட்டுத் தொட்டிதான் இருக்கும். பவுசரின் குழாயும் வீதியிலிருந்தே தொட்டியை எட்டும். செலவு ஒரு ரூபாய் கூடுதலில்லை. வேண்டியது பேச்சு மட்டும். அரைப் பரப்புக்காரர் இருக்கும் தெருவில் இதுவும் போதாது. அங்கே பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரு பொதுத் தொட்டி அடைத்துக் கட்டுவதுதான் வழி.

விதி இல்லாமல் இல்லை. பிஸ்கட் பெட்டியிலும் மின்குமிழிலும் எஸ்.எல்.எஸ். முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறீர்கள் அல்லவா? அதே நிறுவனம் மலத்தொட்டிக்கும் ஒரு கட்டளை போட்டிருக்கிறது, அதன் இலக்கம் 745. குடிநீருக்கு ஒன்று, இலக்கம் 614. பிஸ்கட்டுக்கு முத்திரை பார்க்கிற நாம், தொட்டி கட்டும் மேசனிடம் 745 தெரியுமா என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா? நானும் கேட்டதில்லை, உண்மையைச் சொல்ல வேண்டுமே.

கொதிக்கவைத்தாலும் போகாதது

கிருமிக்கு ஒரு வழி உண்டு. நீரைத் தளதளவெனக் கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடித்தால் பயம் தீர்ந்தது. இதை நம் உம்மாமார் சொல்லித் தந்திருக்கிறார்கள். கொதிக்கவைத்தும் தீராத ஒன்று இருக்கிறது, நைத்திரேற்று. மலசலத்திலிருந்தும் வரும், தோட்டத்துக்குப் போடும் யூரியாவிலிருந்தும் எருவிலிருந்தும் வரும். நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகிக் குறையும், நைத்திரேற்று அப்படியே நிற்கும். கடைசியில் கேத்தலில் மிஞ்சுவது முன்னைவிடச் செறிவான நீர்.

ஒரு லீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை, நம் நாட்டுக் கட்டளையின் எல்லையும் அதுவே. வலிகாமத்துக் கிணறுகளில், அதிலும் தோட்டப் பகுதிகளில், இந்த எல்லையைத் தாண்டியவை உண்டு என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. பெரியவர்களைவிட ஆபத்து அதிகம் யாருக்கென்றால், ஆறு மாதத்துக்குட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் பச்சைக் குழந்தைக்கு. நைத்திரேற்று அதன் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் கெடுக்கிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்தப் பயம் இல்லை. புட்டிப்பால் கொடுத்தே ஆகவேண்டிய நிலையிலுள்ள சகோதரிகள், சோதித்துப் பார்த்த நீரில்தான் பால் கரைக்க வேண்டும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை அலுவலகத்திலோ கேட்டால் கிணற்று நீரைப் பரிசோதிக்கும் வழியைச் சொல்வார்கள். கேட்கும்போது கிருமியையும் நைத்திரேற்றையும் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு "நல்ல தண்ணீர்" என்று சொல்லிவிடுவதுண்டு.

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் நாம் விழித்துக்கொள்கிறோம். நீர்வேலிக்கு வடமேற்கே சில கிலோமீற்றரில் இருக்கும் சுன்னாகத்தில் என்ன நடந்தது? மின்நிலையப் பகுதியிலிருந்து கழிவு எண்ணெய் நிலத்தில் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் மிதந்தது. 2014, 2015இல் ஊரே திரண்டது. ஒரு தரப்பின் ஆய்வு எண்ணெய் இருக்கிறது என்றது. இன்னொரு தரப்பின் ஆய்வு ஆபத்தில்லை என்றது. தண்ணீர் குடிப்பவர் யாரை நம்புவது? எங்கே அளப்பது, எதை அளப்பது, எந்த அளவுக்கு மேல் ஆபத்து என்று முன்கூட்டியே ஒரே சொல் இல்லாவிட்டால் இப்படித்தான். கடைசியில் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று உத்தரவாயிற்று. எண்ணெய் மிதந்தது, நாறியது, ஆகவே வழக்கு வந்தது. நம் வீட்டுக் குழிகளிலிருந்து போவது மிதப்பதுமில்லை, நாறுவதுமில்லை. யார் மேல் யார் வழக்குப் போடுவது?

"இனிக் கவலை என்ன, குழாய்த்தண்ணீர் வருகிறதே" என்று சிலர் சொல்கிறார்கள். வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரக்கூடியது. நல்ல காரியம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வாளியால் அள்ளிக் குளித்தவர் குழாயைத் திறந்துவிட்டுக் குளிக்கும்போது செலவாகும் நீர் இரண்டு மூன்று பங்கு. வருகிற நீருக்குக் குழாய் போட்டாயிற்று. போகிற நீருக்கு? அதே குழி, அதே சுண்ணக்கல். குளியல் நீரையும் சமையலறை நீரையும் மலக்குழிக்குள் விடாமல் வாழையடிக்குத் திருப்பும் பழைய வழக்கம் நீர்வேலிப் பக்கம் இன்னும் உண்டு. அது எந்த எஞ்சினியரும் மெச்ச வேண்டிய ஏற்பாடு. நகரத்து வீடுகளில் எல்லாக் குழாயையும் ஒரே குழிக்குள் விட்டுவிட்டு, குழி ஏன் சீக்கிரம் நிரம்புகிறது என்று திகைக்கிறோம்.

பவுசர் எங்கே போகிறது?

குழி நிரம்பினால் பவுசர் வரும், குழாயை இறக்கும், உறிஞ்சும், போய்விடும். பணம் கொடுத்துவிட்டு நாமும் கதவைச் சாத்திக்கொள்வோம். அது எங்கே போய் ஊற்றுகிறது? சுத்திகரிப்பு இடத்திலா, வெறும் பற்றையிலா, ஒதுக்குப்புறக் கடலோரத்திலா? பாதி வழியில் கொட்டிவிட்டால், எங்கள் வளவுக்குள் இருந்த அழுக்கைக் காசு கொடுத்து ஊரின் தண்ணீருக்குள் போட்டதாகத்தானே அர்த்தம்?

தமிழ்நாட்டில் 2014இல் அரசு இதற்கென்றே வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. மலக்கழிவு அள்ளும் வண்டிகளுக்கு உரிமம், குறித்த சுத்திகரிப்பு நிலையத்தில் மட்டுமே இறக்க வேண்டும் என்ற நிபந்தனை. எல்லா ஊரிலும் நடந்துவிட்டதா என்றால் இல்லை, ஆனால் கேள்வி கேட்க ஒரு பிடி கிடைத்தது. உலக அளவிலும் குழாய் வலை இல்லாத மலசலகூடங்களுக்கென்று ஐ.எஸ்.ஓ. நிறுவனம் 2018இல் ஒரு பொதுத் தரம் வகுத்தது, இலக்கம் 30500. அதில் எனக்குப் பிடித்த விஷயம், இந்தக் கல்லால் கட்டு, இந்த அளவில் கட்டு என்று அது பிடிவாதம் பிடிப்பதில்லை. வெளியே வருகிற நீரில் கிருமி இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது, நாற்றம் இவ்வளவுக்கு மேல் கூடாது என்று முடிவைப் பிடித்துக் கேட்கிறது. மணல் ஊருக்கும் கல் ஊருக்கும் ஒரே குழி பொருந்தாது. ஒரே கேள்வி பொருந்தும்.

பெண்கள் முன்னின்றால் நடக்கும் என்பதற்குத் திருச்சி சாட்சி. இரண்டாயிரமாம் ஆண்டையொட்டி, அங்குள்ள குடிசைப் பகுதிகளில் பாழடைந்து கிடந்த பொதுக் கழிப்பிடங்களைப் பெண்கள் குழுக்கள் ஏற்று நடத்தத் தொடங்கின. வருகிறவரிடம் சிறு கட்டணம், கணக்குப் புத்தகம், முறைவைத்துக் கண்காணிப்பு. இவ்வளவுதான் அவர்களின் தரநிர்ணயம். அவர்கள் வைத்த விதியை அவர்களே காத்தார்கள்.

குப்பையின் நிறங்கள்

குப்பைக்கு வருவோம். இதில் நம் நாட்டில் பொதுவான ஏற்பாடு ஒன்று உண்டு. பச்சை நிறம் உக்கும் கழிவுக்கு, நீலம் காகிதத்துக்கு, செம்மஞ்சள் பிளாஸ்டிக், பொலித்தீனுக்கு, சிவப்பு கண்ணாடிக்கு, மண்ணிறம் உலோகத்துக்கு. கொழும்பிலும் இதுதான், வலிகாமம் கிழக்குப் பிரதேச சபையிலும் இதுதான். கலந்து குவித்தால் என்னவாகும் என்பதை மீதொட்டமுல்ல காட்டியது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மடிந்தார்கள். யாழ்ப்பாணக் குப்பை போகும் கல்லுண்டாயில் மலை சரியவில்லை. தீ பிடிக்கிறது, அந்தப் புகையை அயலூர்ப் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள்.

அந்த ஐந்து நிறங்களையும் மறுபடி பாருங்கள், சகோதரிகளே. குழந்தையின் பம்பர்ஸ் எந்த நிறத்தில்? மாதவிலக்குத் துவாய் எந்த நிறத்தில்? இடமே இல்லை. இடமில்லாததால் கோப்பைக்குள் போட்டு வளைவை அடைக்கிறோம், பின்வளவில் எரிக்கிறோம், இருட்டில் கொண்டுபோய்ப் பாழ்ங்கிணற்றில் எறிகிறோம். பாழ்ங்கிணற்றில் எறிவது எல்லாவற்றிலும் பாவம். மண் வடிகட்டக்கூட வாய்ப்பில்லாமல் நேரே நிலநீருக்குள் போகிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு விதிகள் இவற்றைப் பையில் சுற்றித் தனியே வைக்க வேண்டும், அதற்கான பையை உற்பத்தி செய்பவரே கொடுக்க வேண்டும் என்று எழுதின. நம் நிறப் பட்டியலை வகுத்தவர்கள் வீட்டுப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆறாவது நிறம் ஒன்று வந்திருக்கும். பிரதேச சபைக்கும் மாநகர சபைக்கும் எழுதிக் கேட்க வேண்டிய முதல் விஷயம் இதுதான் என்பேன். வெட்கப்பட்டு ஒதுங்கினால் அவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

தடைகளும் வந்தன. 2017 செப்டெம்பரில் லஞ்ச் சீற்றுக்கும் மெல்லிய பொலித்தீனுக்கும், 2021 மார்ச் 31 முதல் சின்னச் சின்னச் சஷே பைக்கற்றுக்கும். கடைக்குப் போய் வருகிற நமக்குத் தெரியும் அவை எவ்வளவு தூரம் நடக்கின்றன என்று.

ஹஜ்ஜுப் பெருநாளைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. குர்பானி இறைச்சி ஏழை வீடுகளுக்குப் போய்ச் சேருகிறது. குடலும் இரத்தமும் சாணமும்? வீட்டுக்கு வீடு பின்வளவில் புதைக்கிறார்கள். மண் ஆழமாக உள்ள ஊருக்கு அது சரி. மூன்றடியில் கல் தட்டும் யாழ்ப்பாண வளவில், கிணற்றுக்குப் பக்கத்தில், அது சரியல்ல. பள்ளிவாசல் ஜமாஅத் ஒரே இடத்தில் அறுக்க ஏற்பாடு செய்து, கழுவிய நீரை அடைத்த தொட்டியில் பிடித்து, இரைப்பைச் சாணத்தைத் தோட்டக்காரருக்குக் கொடுத்தால் உக்கவைத்து வாழைக்குப் போடலாம். நீர்வேலிக்காரர் வேண்டாம் என்று சொல்வார்களா? இதை ஆண்கள் கூடிப் பேசுமுன் வீட்டில் பெண்கள் பேசி வைத்தால் நல்லது. மறுநாள் காலையில் அந்தக் கிணற்றில் நீர் அள்ளப்போவது அவர்கள் அல்லவே.

அடுத்தமுறை பவுசர் வந்தால், "தம்பி, இதை எங்கே கொண்டுபோய் இறக்குவீங்கள்? சீட்டு இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். இன்றைக்கே ஏதாவது செய்ய விருப்பமென்றால், தையல் பெட்டியில் அளவு நாடா இருக்கும். அது ஐந்தடி நீளம். பத்துத் தடவை வைத்தால் ஐம்பது அடி. அஸர் தொழுதபின் கிணற்றுக் கட்டிலிருந்து அளக்கத் தொடங்குங்கள். நாலைந்து தடவைக்குள் வேலி வந்துவிடும். அப்போது பக்கத்து வீட்டு ராத்தாவைக் கூப்பிட்டு, நாடாவின் மறுமுனையை அந்தப் பக்கமிருந்து பிடிக்கச் சொல்லுங்கள்.